வாசலில் அள்ளாத பனி

1

மகள் மறுபடியும் மலைக்குப் போகக் கேட்டாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை நிறுத்தாமல் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

இங்கே பள்ளிக்கூடத்தில் குளிர்காலத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வடக்கே மலைப்பக்கம் கொண்டுபோகிறார்கள். காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் மேலேயிருந்து கீழே வழுக்கி வருவது இந்த நாட்டில் ஒரு பெரிய விளையாட்டு. காசு கட்டிப் போய் விழுந்தெழும்பி வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வருடத்தின் திருவிழா.

என் மகள் சுபா இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை போனாள். அந்தப் பயணம் எங்கள் வீட்டில் இன்னும் முடியாத பயணம். அதனால்தான் இந்தமுறை கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்தில் நின்ற இவரும், அதாவது என் கணவரும், திடீரென்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அனுப்புவதா, மறிப்பதா? ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தெரியாது. ஆனால் வீட்டைவிட்டுப் போகிற பிள்ளை திரும்பி வரும் என்று நம்புகிற பழக்கம் எனக்கு ஒரு நாளில் விட்டுப்போனது. அது இனி எனக்கு வருமா என்று அந்த வாரம் முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

2

முதலில் இந்த ஊர்க் காலநிலையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஓரத்தில் உள்ள மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட, வரிசை வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான் யூனியன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். இவருக்கு ஒஷாவாவில், கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம். ஊரில் நீர்ப்பாசன இலாகாவில் குளத்தடியில் மழைமானி பார்த்து எழுதியவர். பழக்கம் போகுமா? காலையில் பல் தீட்டும் முன்னரே ரேடியோவைத் திருகி வானிலை கேட்பார். கேட்காமல் காரின் சாவியைத் தொடமாட்டார்.

வந்த புதிதில் எங்கள் கண்ணே எங்களை ஏமாற்றியது. முதல் தை மாதம், ஒரு காலை, யன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. வானத்தில் பொட்டு முகில் இல்லை. நல்ல நாள் என்று சுவெற்றரோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். பாதி வழியில் சுபா அழத் தொடங்கினாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. இங்கே வெயில் எறித்தால் குளிர் கடுமை என்று அர்த்தம். முகில் மூடினால்தான் நிலத்துச் சூடு மேலே போகாமல் தங்கும், கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். ஊரில் படித்ததையெல்லாம் தலைகீழாக்கிப் படிக்கவேண்டியிருந்தது.

ரேடியோக்காரர்கள் வெப்பநிலையை மட்டும் சொல்லி விட்டுவிடமாட்டார்கள். காற்று அடித்தால் உடம்புச் சூடு எவ்வளவு பறிபோகும் என்று, வாட் கணக்கில், ஆயிரத்துக்கு மேலே ஒரு எண் சொல்வார்கள். பிறகு, பனி பெய்வதற்கு நாற்பது வீதம் வாய்ப்பு என்பார்கள். நாற்பது வீதம் பெய்தால் நான் எந்தச் சப்பாத்தைப் போடுவது என்று இவரிடம் கேட்டேன். அவர் எனக்கு நிகழ்தகவு படிப்பித்தார். இரண்டையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் மலை நிலவரம் என்று தனியாக ஒன்று சொல்வார்கள். சரிவில் அடிப்பனி எத்தனை அங்குலம், புதிதாக விழுந்தது எவ்வளவு, இயந்திரத்தால் செய்து கொட்டியது எவ்வளவு என்று, சந்தையில் மீன்விலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போவார்கள். பனியைச் செய்வார்களாம். எங்கள் வாசலில் அள்ளி மாளாமல் கிடக்கிற சாமானை ஏன் மெனக்கெட்டுச் செய்யவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

3

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்று எழுதும்போது கை நிற்கிறது. இருக்கிறான் என்று எழுதினாலும் நிற்கும். பெயர் யோகன்.

திருகோணமலையில் எங்கள் வீட்டில் அம்மா, அம்மாவின் கடைசித் தங்கை குஞ்சியம்மா, யோகன், நான், இவர், சுபா. நாங்கள் இங்கே வருவதற்கு முந்திய வருடம் யோகனுக்கு வவுனியாவில் ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சை வந்தது. சில நாட்களாக ஊர் கலங்கிக் கிடந்தது. பஸ் ஓடவில்லை. அன்று காலை ரேடியோவில் செய்தி சொன்னார்கள்: நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது, போக்குவரத்துச் சேவைகள் வழமைபோல் நடைபெறும். அவன் சவரம் செய்துகொண்டு நின்றவன், பாதி முகத்துச் சவர்க்காரத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மெல்லிய நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

பஸ் போனது மட்டும் தெரியும். வழியில் மறித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். மறிக்கவில்லை, அது வேறு பஸ் என்று இன்னொருவர் சொன்னார். யார் யாரிடமோ போய்க் கேட்டோம். எந்த மேசையிலும் அவன் பெயர் இல்லை. எந்த ரேடியோவும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால், அவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீடுகளிலும் இருக்கும். அன்று நாங்கள் கூட்டவில்லை. அடுத்த நாளும் கூட்டவில்லை. வேப்பஞ்சருகு முற்றம் முழுவதும் மூடியது. கோழி கிளறியது. அவன் போன செருப்புத் தடம் அந்தச் சருகுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது என்று நான் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தை ஒரு குறையும் இல்லாமல் காத்தோம். அவன் வரவில்லை.

ஒரு காலை எழும்பிவந்து பார்த்தால் முற்றம் துப்புரவாகக் கிடந்தது. விளக்குமாற்றுக் கீறல் வரிவரியாகத் தெரிந்தது. குஞ்சியம்மா கூட்டிவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவனைக் கூட்டித் தள்ளிப்போட்டீர்களே என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்து மெல்லிய குரலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னா.

"வாற பிள்ளை குப்பையை மிதிச்சுக்கொண்டோ வரவேணும்?"

அதற்குப் பிறகு நான் அவவோடு கதைக்கவில்லை. கனடாவுக்குப் புறப்பட்ட அன்று அவ வாசல் படலையடியில் வந்து நின்றா. நான் அம்மாவை மட்டும் கட்டிப்பிடித்துவிட்டு வான் வண்டியில் ஏறினேன். அம்மாவின் கடிதங்களில் குஞ்சியம்மா சுகம் கேட்டதாக வரும். என் பதில்களில் அந்தப் பெயர் வராது.

4

இப்போது முதல் பயணத்துக்கு வருகிறேன்.

சுபா அப்போது எட்டாம் வகுப்பு. நான் வேண்டாம் என்றேன். அவள் வகுப்பில் எல்லோரும் போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் அழுதாள். இங்கே வந்ததிலிருந்து அவளுக்குக் கோபமும் அழுகையும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தமிழில் பசி மட்டும் வருகிறது. இவர் அவளுக்காக வாதாடினார். வானிலை கேட்டாயிற்று, நாளைக்கு முகிலே இல்லாத நாள், காற்று வடமேற்கு, குளிர்தான், ஆனால் ஒரு துளி பனிகூட விழாது, மலையில் அடிப்பனி நன்றாக இருக்கிறதாம் என்றார். இந்த ஊர் ரேடியோ பொய் சொல்லாது என்றும் சொன்னார். அந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அரைமனதோடு தலையாட்டினேன்.

முந்தின நாள் விழுந்த பனி வாசலில் ஒரு சாண் கிடந்தது. விடிய அவள் அதில் கால் புதையப் புதைய நடந்து பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போனாள். படியிலிருந்து நடைபாதைவரை அவளுடைய சப்பாத்தடி ஆழமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்திருந்தது. இவர் பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஓடிப்போய் அதன் பிடியைப் பிடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். சவளைச் சுவரில் சாத்திவிட்டு, வேலைக்குப் போவதற்காகப் புல்லுப் பக்கமாகச் சுற்றிக் காருக்குப் போனார். யோகனைப் பற்றி நாங்கள் இருவரும் இங்கே கதைத்ததே இல்லை. அன்றும் கதைக்கவில்லை.

ரேடியோ சொன்னதுபோலவே ரொறன்ரோவில் நாள் முழுவதும் பளிச்சென்ற வெயில். யன்னலால் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலடிகள் அப்படியே கிடந்தன. மாலையில் பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்தால் யாரும் இல்லை. இவர் வேலையால் வந்து ரேடியோவைப் போட்டார். வடக்கே மலைப்பக்கம் கடும் பனிப்புயல், வீதிகளை மூடிவிட்டார்கள் என்றது. இங்கே வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. அங்கே கைக்கெட்டிய தூரம் தெரியவில்லையாம்.

இவர் அப்படியே இருந்துவிட்டார். தன் ஊரின் வானிலையைக் கேட்டுவிட்டு, இரண்டு மணித்தியால ஓட்டத்துக்கு அப்பால் இருக்கிற மலைக்கும் அதுதான் என்று எண்ணியிருந்தார். மலைக்கு மேற்கே கடல்போல ஒரு பெரிய வாவி இருக்கிறது. அது முழுக்க உறையாத காலத்தில், வடமேற்குக் குளிர்காற்று அதன்மேல் வரும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து மலையில் பனியாகக் கொட்டும். ஒரு தெரு வெள்ளை, அடுத்த தெரு வெயில். இதைப் பிறகுதான் அறிந்தோம். திருகோணமலையில் பிறந்த எனக்கு அது விளங்கப் படம் கீறத் தேவையில்லை. மாரியில் வாடைக்காற்று கடலைத் தாண்டி வந்து எங்கள் பக்கம்தான் கொட்டும். மலைக்கு அந்தப்பக்கம் வெயில் காயும். அன்று காலையில் இவர் வடமேற்குக் காற்று என்று சொன்னபோது அந்தச் சொல் எங்கள் இருவர் காதிலும் சும்மா போய்விட்டது.

பிறகு ரேடியோவில் ஒரு பெண்குரல், வழியில் நின்றுபோன பள்ளிக்கூட பஸ்களின் விவரத்தை வாசித்தது. சுபாவின் பள்ளிக்கூடத்தின் பெயரும் வந்தது. பிள்ளைகள் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றின் மண்டபத்தில் தங்கியிருக்கிறார்கள், எல்லோரும் பத்திரம் என்றது. இவர் எழும்பி என் தோளைப் பிடித்தார்.

"கேட்டனீர்தானே. ரேடியோவிலை சொல்லீட்டாங்கள். பிள்ளையள் பத்திரமாம்."

"அங்கையும் ரேடியோவிலைதானே சொன்னவங்கள்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த வசனத்தில்தான் யோகன் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் வந்தான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

5

மண்டபத்தில் ஒரே ஒரு ரெலிபோன். பிள்ளைகள் வரிசையில் நின்று எடுத்தார்களாம். சுபாவின் முறை வந்தபோது எங்கள் வீட்டு மணி அடித்தது. அவள் குரல் சந்தோஷமாக இருந்தது. சூப் கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள், மூன்று தரம் விழுந்தேன், இட் வாஸ் த பெஸ்ட் டே என்று கடகடவென்று சொன்னாள். பின்னால் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் மதியம் வந்தாள். வாசலில் நின்று, ஏன் யாரும் ஸ்நோ அள்ளவில்லை, தபால்காரர் விழமாட்டாரா என்று கேட்டாள். நான் அவளை இறுக்கிப் பிடித்து முகத்தை முகத்தில் வைத்துக்கொண்டேன். இவர் சவளை எடுத்துப் போய், வழி முழுவதையும் சுரண்டினார்.

தபால்காரர் உண்மையில் சறுக்கித்தான் இருக்கிறார். வீட்டு நிர்வாகத்திலிருந்து காகிதம் வந்தது. பனி நின்ற பிறகு வாடகைக்காரர் வாசல்வழியைத் துப்புரவாக்காவிட்டால் தாங்கள் ஆள் வைத்து அள்ளி, செலவை எங்களிடம் அறவிடுவார்களாம். நான் நிர்வாக அலுவலகத்துக்குப் போய் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். என் ஆங்கிலம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய், மகள் பயணம் போனதால் அள்ளவில்லை என்று முடிந்தது. அங்கே இருந்த பெண் என் வீட்டில் பனி அள்ளுவது மகள்தான் என்று விளங்கிக்கொண்டு, பாவம், சின்னப் பிள்ளை என்றாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சுபாவுக்கு அந்த வாரம்தான் மாமாவுக்கு நடந்ததை இவர் சொன்னார். அதுவரை அவளுக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தது, மாமா வவுனியாவில் வேலையில் இருக்கிறார் என்றுதான். கேட்டுவிட்டு, மாமா அவளைத் தூக்கி வைத்திருக்கிற படத்தை அல்பத்திலிருந்து எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அதன்பிறகு நான் மாறினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வானிலை கேட்கத் தொடங்கினேன். ரொறன்ரோவை மட்டுமல்ல, வாவிக்கரை, மலைப்பக்கம், காற்றின் திசை, அது திரும்புகிற நேரம் எல்லாம். ரேடியோவை நம்பினேனா என்றால், இல்லை. அதைக் கண்காணித்தேன். இவர் இப்போது என்னிடம்தான் கேட்டுவிட்டு ஒஷாவாவுக்குப் புறப்படுகிறார்.

6

இந்த வருடம் சுபா கேட்டு மூன்று நாள் நான் பதில் சொல்லவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளுடைய ரீச்சரிடம், காற்று வடமேற்குக்குத் திரும்புவதற்கு முன் பஸ் மலையை விட்டுக் கிளம்புமா என்று கேட்டேன். என் ஆங்கிலத்தில் இந்த ஒரு வசனம் மட்டும் பிழையில்லாமல் வரவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ரீச்சர், அந்த நாளின் வானிலையைத் தானும் பார்ப்பதாகவும், தேவையென்றால் பஸ்ஸை முன்னதாக எடுப்பதாகவும் சொன்னா. வீட்டுக்கு வந்து, போ என்றேன். சுபா என்னை நம்பாமல் அப்பாவைப் போய்க் கேட்டாள்.

போகிற நாள் விடியுமுன் பனி பெய்தது. நல்ல மெத்தென்ற புதுப் பனி. எனக்கு அன்று வேலை இல்லை. சுபா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். என்னைவிட உயரமாகிவிட்டாள்.

"அம்மா, நீங்க ஸ்நோ அள்ளமாட்டீங்கள்தானே. இட்ஸ் ஓகே. நான் வந்து அள்ளுறன்" என்றாள்.

அன்று நான் ஏன் அள்ளவிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஓரமாகக் கால் வைத்து, பார்த்துப் பார்த்து நடந்து போனாள். நான் கதவைப் பூட்டாமல் பஸ் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றேன்.

பிறகு ரேடியோவைப் போட்டேன். மதியம்வரை முகில், கொஞ்சம் சூடு, பனி இளகும், மழைத்தூறலும் விழலாம். பின்னேரம் காற்று வடமேற்குக்குத் திரும்பும், சட்டென்று குளிர் இறங்கும், ஈரமெல்லாம் உறையும் என்றார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் நின்று அதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இந்தப் பனி மதியம் கூழாகும். அவளுடைய காலடிக் குழிகளில் தண்ணீர் தேங்கும். மாலையில் அத்தனையும் கண்ணாடிக்கட்டி. மலையில் நாள் முழுவதும் விழுந்தெழும்பிய பிள்ளை, பையோடு, களைப்போடு, இருட்டும் நேரத்தில் வந்து எங்கள் வாசலிலேயே சறுக்கி விழுவாள்.

கோப்பையை வைத்தேன். இவருடைய பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சவளை எடுத்தேன்.

முதல் காலடியில் சவளை வைக்கும்போது என்னால் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். திரும்பி உள்ளே போகப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, மெல்லிய குரலில், வாற பிள்ளை. போன பிள்ளை என்று அவ சொல்லவில்லை. வாற பிள்ளை என்றுதான் சொன்னா. அந்த வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமல் கைவிட்டுவிட்ட நாளில், அவ ஒருத்திதான் அவன் வருவான் என்று விடியமுன் எழும்பி முற்றத்தைக் கூட்டியிருக்கிறா.

நான் அள்ளினேன். படியிலிருந்து நடைபாதைவரை, அவளுடைய காலடிகள் அத்தனையையும் அள்ளி ஓரத்தில் கொட்டினேன். இடையில் அழுகை வந்தது. ஐந்து வருடமாக வராத அழுகை. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் பார்த்தார். பனியில் முகம் எரிகிறது என்று நினைத்திருப்பார். சீமெந்து தெரியும்வரை சுரண்டி, உப்பும் தூவினேன்.

பின்னேரம் சொன்னதுபோலவே காற்றுத் திரும்பியது. தெருவெல்லாம் உறைந்து பளபளத்தது. பஸ்ஸை முன்னதாகவே எடுத்திருந்தார்கள். சுபா வந்தாள். நடைபாதையில் ஒருமுறை சறுக்கி, கையை விரித்துச் சமாளித்தாள். எங்கள் வாசலுக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். கீழே பார்த்தாள், பிறகு கதவில் நின்ற என்னைப் பார்த்தாள். காய்ந்த சீமெந்தில் நேராக நடந்து வந்து, குளிர்ந்த கன்னத்தை என் கழுத்தில் வைத்தாள். பசிக்குது அம்மா என்றாள்.

நான் இதை எழுதுகிற பத்திரிகை ஊரில் எங்கள் வீட்டுக்கும் போகிறது என்று அம்மா சொல்லி எழுதுவித்திருந்தா. அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. யார் வாசித்துக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

குஞ்சியம்மா, பிள்ளை வரமுதல் நானும் கூட்டிவிட்டேன்.